வெள்ளைத் துணியின் முன்னால்

ஓராண்டாகத் தூரிகையைத் தொடாத தமயந்தியை நவீனக் கலைக்கூடத்துக்கு அழைத்து வந்திருந்தான் கணவன் ஞானசேகர். தொங்கவிட்ட டயர்கள், உடைந்த நாற்காலிக் குவியல் என்று எதன் முன்னால் நின்றாலும் அவள் பக்கம் திரும்பி, "ஏதாவது தோணுதா?" என்று கேட்டான். அவளுக்கு எரிச்சல்தான் ஏறிக்கொண்டு போனது. கடைசி அறையில் ஒரு வெள்ளைத் துணியை மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அங்கேயும் கேட்டான்.

"தோணுது. உங்களை விட்டுட்டு எங்கயாவது போயிடலாம்னு."

கத்தியே விட்டாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஞானசேகர் கோபப்படவில்லை.

"எனக்கும் ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு, தமா" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டான்.

காவலாளி வந்து, "சார், இங்க உக்காரக்கூடாது" என்று எழுப்பும்வரை தமயந்தி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.