மூன்று நாள் வெயில்

மணிக்கொரு தடவை திருப்பிப் போட்டேன். மேலெல்லாம் மருந்து தடவி, காற்றுப் படாமல் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மொட்டை மாடியில் கூடவே காவல் உட்கார்ந்திருந்தேன்.

துணி காயப்போட வந்த என் மனைவி அனுசுயா பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

“நம்ம பிள்ளைக்கு மஞ்சக்காமாலை வந்தப்பக்கூட நீங்க இப்படி வெயில் காட்டிப் பாக்கலியே.”

வெயிலில் கிடந்தது ஒரு பழைய கம்ப்யூட்டரின் மேல்மூடி. எண்பதுகளில் வந்த வெளிநாட்டுச் சாமான் அது. கீ போர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடங்கியிருக்கும், டி.வி.யில் சொருகி ஓட்ட வேண்டும்.

நான் பனியன் துணி வெளுக்கிற பிளீச்சிங் யூனிட்டில் சூப்பர்வைசர். மற்ற நேரத்தில், உலகம் வேண்டாமென்று தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுக்கிறவன். நல்லூரில் எங்கள் வாடகை வீட்டில் உபரியாக இருந்த ஒரே அறையில் அப்படிப் பதினோரு பேர் குடியிருந்தார்கள். அதில் நான்கு பேர் கண் திறப்பார்கள். ஒருவர் மட்டும் நாம் சொன்னதைக் கேட்பார், அதுவும் அவருக்கு மனசு வந்தால்.

அந்த அறையில் ஓவர்லாக் தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்க வேண்டும் என்று அனுசுயா இரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள்.

“வெளியாள் ஒருத்தர் உங்கள நம்பி ஒரு சாமானக் குடுத்து, வேல நல்லாருக்குன்னு சொல்லி வாங்கிட்டுப் போகட்டும். அப்புறம் ரூம நான் கேக்கவே மாட்டேன். இல்லன்னா அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குப் போயிரணும்.”

அப்படி ஒரு வெளியாளும் கிடைத்தார். சிவசுப்பிரமணியம், உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர். பழைய கம்ப்யூட்டர் சேர்ப்பதில் என்னைவிடப் பெரிய பைத்தியம். ஆனால் ரிப்பேர் தெரியாது.

“ஆன் ஆக மாட்டீங்குதுங்க. இதுமாதிரி இன்னொண்ணு கிடைக்காதுங்க, பாத்துப் பண்ணுங்க” என்று சொல்லி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்ததை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ரிப்பேர் நான்கே நாளில் முடிந்தது. மூன்று கெபாசிட்டர், அறுந்த வயர் ஒன்று, அவ்வளவுதான். அதோடு நிறுத்திக்கொள்கிற ஆளாக இருந்தால் நான் ஏன் பதினோரு கம்ப்யூட்டர் சேர்க்கிறேன்?

மேல்மூடி மஞ்சள் பூத்துக் கிடந்தது. இருபது வருஷம் பிளீச்சிங்கில் நின்றவனுக்கு மஞ்சளடித்த எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழைய பிளாஸ்டிக் பழுப்பேறும், துணி வெளுக்கிற பெராக்சைடைத் தடவி வெயிலில் வைத்தால் போய்விடும் என்று பிரவுசிங் சென்டரில் படித்திருந்தேன்.

வெளிநாட்டுக்காரர்கள் அந்தப் பெராக்சைடை மருந்துக் கடையில் சின்னச் சின்ன பாட்டிலாக வாங்குகிறார்களாம். பாவமாக இருந்தது. எங்கள் யூனிட்டில் அது பேரல் பேரலாக நிற்கிறது. முதலாளியிடம் சொல்லி ஒரு கேனில் கொண்டுவந்தேன். வழிந்து ஓடாமல் இருக்க, பிரிண்டிங் யூனிட்டில் பசை கேட்டு வாங்கிக் கலந்தேன்.

கழற்றிப் பார்த்தால் மூடியின் உள்பக்கமும் திருகாணிக் குழியும்கூட அதே மஞ்சள். எப்படி ஊறிப்போயிருக்கிறது என்று பரிதாபப்பட்டு, இன்னொரு பூச்சு கெட்டியாகவே பூசினேன்.

முதல் நாள் லேசாகத் தெளிந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. கப்பலேறுகிற பனியனுக்குக்கூட நான் அப்படி ஒரு வெள்ளை கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சிவசுப்பிரமணியம் வந்தார். கம்ப்யூட்டரைப் புதுத் துண்டால் மூடிவைத்து, முதலில் டி.வி.யை மட்டும் காட்டினேன். திரையில் கர்சர் விட்டுவிட்டு மின்னியது.

“ஓடுதுங்களே” என்றார். “நாலு பேருகிட்ட காட்டிப் பாத்தனுங்க, அத்தன பேரும் கைய விரிச்சுட்டாங்க. நீங்க பெரிய ஆளுங்க.”

காபி கொண்டுவந்த அனுசுயா அப்படியே நின்றாள். கல்யாணமான பதினாறு வருஷத்தில் என்னை ஒருவர் பெரிய ஆள் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

“ரூம நீங்களே வச்சுக்கோங்க” என்று மெதுவாகச் சொன்னாள்.

எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. “சார், முக்கியமான வேலய நீங்க இன்னும் பாக்கல” என்று துண்டை உருவினேன்.

அவர் பார்த்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. வேலையைப் பார்த்துக் கண் கலங்குகிற ரசிகர் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

“பழுப்பு ஒரு பொட்டு இல்லாம எடுத்துட்டேன் சார்” என்றேன். “மூணு நாள் வெயிலு. நீங்க கேக்கல, நானா ஆசப்பட்டுச் செஞ்சது.”

அவர் காபியைத் தொடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அது பழுப்பில்லீங்க, கம்பெனியே போட்ட சந்தனக் கலருங்க, அந்தக் கலருக்காகத்தான் ஒம்பது வருசம் தேடி இத வாங்குனனுங்க.”