முதல் குறிக்கோள்

"குறிக்கோள்ல ஆமை வேண்டாம். எடுத்துடுங்க."

லோர்னா இப்படிச் சொன்னதும் கூட்டமே அவளைத் திரும்பிப் பார்த்தது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், மலையடிவாரத்தில் எங்கள் சிற்றூரின் வனவுயிர்ச் சங்கம். வரும் ஆண்டுகளுக்கான கொள்கைகளை வகுக்க நூலகக் கூடத்தில் கூடியிருந்தோம். 'பாதுகாப்போம்' என்று போடுவதா, 'பேணுவோம்' என்று போடுவதா என்ற சண்டையிலேயே பாதி நேரம் போய்விட்டது. எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், அருகிவரும் ஓடை ஆமைதான் முதல் குறிக்கோள் என்பது. எந்த ஓடையில் இருக்கிறது என்று வரைபடத்தோடு வெளியிட்டால் சங்கத்துக்கும் பெயர் வரும் என்றார் தலைவர் வெண்டல்.

"ஏன்மா வேண்டாங்கறே?" என்று கேட்டார்.

லோர்னா பின்வரிசையைப் பார்த்தாள். யாரும் வரலாம் என்று அறிவித்திருந்ததால் அங்கே தெரியாத முகங்களும் இருந்தன.

"இங்க வெச்சு சொல்ல முடியாது."

அது போதுமே எங்களுக்கு. ஓடையை ஒட்டித்தான் அவள் நிலம். மனை போட்டு விற்கப் பார்க்கிறாள் என்று காப்பி ஆறுவதற்குள் முடிவுகட்டிவிட்டோம்.

தீர்மானம் நிறைவேறியது. அறிக்கையை அச்சடிக்கும் வேலைக்கு மட்டும் வேறு யாரும் கை தூக்காததால் அது லோர்னாவிடம் போயிற்று.

அறிக்கை வந்தது. வரைபடத்தில் ஓடை தப்பு. ஆமை வாடையே இல்லாத, வெண்டல் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடை.

வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்று கொதித்தோம். அவளைக் கண்டித்துத் தீர்மானம் போட அவசரமாகக் கூடினோம்.

வெண்டல் தாமதமாக வந்தார். முழங்கால்வரை சேறு.

"வெளியூர் ஆளுங்க, வலையும் சாக்குமா ஒரு வாரமா என் வீட்டுப் பின்னாடியே கிடந்தாங்க. வீட்ல வெச்சு வளர்க்க ஆமைக்கு நல்ல விலை தர்றாங்களாம். கையில பார்த்தா நம்ம வரைபடம்."

எல்லோரும் லோர்னாவைத் திரும்பிப் பார்த்தோம்.

"ஏதாவது கிடைச்சுதா?" என்று கேட்டாள் லோர்னா.

"ஒண்ணும் கிடைக்கல. சங்கத்தை நம்பி வந்தோமேன்னு திட்டிட்டு இப்பத்தான் போறாங்க."

கண்டனத் தீர்மானத்தை யாரும் வாசிக்கவில்லை. பழைய குறிக்கோள்களை அடித்துவிட்டு, சங்க வரலாற்றிலேயே முதல்முறையாக, விவாதமே இல்லாமல் ஒரு கொள்கையை ஒருமனதாக நிறைவேற்றினோம்.

'எங்கள் ஊரில் ஆமையே கிடையாது.'