இழுத்துப் பார்த்தவள்

அவள் இழுத்த இழுப்பில் கண்ணாடி மேஜையே ஒரு தரம் ஆடியது. வாட்சின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். லெதர் ஸ்ட்ராப் அசைந்து கொடுக்கவில்லை.

“பாத்தீங்களாம்மா? அசல் தோல். அறுந்து வராது,” என்றார் விற்பனையாளர் பெருமையாக.

“இது வேணாம். அடுத்தது எடுங்க.” விட்டெறியாத குறையாக வாட்சை மேஜைமேல் போட்டாள்.

விற்பனையாளர் இருபது வருடமாக அந்த மேஜைக்குப் பின்னால் நிற்கிறார். வாட்சைக் காதில் வைத்துக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறார், தண்ணீரில் முக்கிக் காட்டச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறார். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி வாட்சைப் படுத்துகிற பெண்மணியை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

“யாருக்கும்மா வாட்ச்? முதல்ல அதைச் சொல்லுங்க.”

“என் தம்பிக்கு. நாளைக்குக் காலையில லேத் பட்டறையில வேலைக்குச் சேர்றான். என் வீட்டுக்காரர் இருந்த அதே பட்டறை. முதல் வேலைக்கு வாட்ச் வாங்கித் தரேன்னு சொல்லிட்டேன். விலை கம்மியா இருக்கணும், ரொம்ப நாள் ஓடணும்.”

“அப்ப கண்ணை மூடிக்கிட்டு இதை எடுத்துட்டுப் போங்க. ஸ்டீல் செயின். யானை இழுத்தாலும் அறாது.”

செயினைப் பார்த்ததும் அவள் முகம் ஜிவுஜிவு என்று சிவந்துவிட்டது. “செயின் வேணாம்னு உள்ள வரும்போதே சொன்னேனா இல்லையா? உங்களுக்குக் காது கேக்குமா கேக்காதா?”

“என்ன அங்க சத்தம்?” என்று கல்லாவிலிருந்து முதலாளி கழுத்தை நீட்டினார். விற்பனையாளருக்கு மானம் போயிற்று. பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாம் என்று நிமிர்ந்தவர், அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

“இருங்க, இருங்க. போன வருஷம் வந்தவங்கதானே நீங்க? வீட்டுக்காரர் வேலை நேரத்துல கழட்டி வெச்சே ரெண்டு வாட்சைத் தொலைச்சுட்டார்னு திட்டிக்கிட்டே வந்தீங்களே! எண்ணெய் பட்டாலும் அடி பட்டாலும் தாங்கணும், கழட்டவே கூடாதுன்னு கேட்டீங்க. நான்தான் இதே ஸ்டீல் செயின் வாட்சை எடுத்துக் குடுத்தேன்.”

“ஆமா, நீங்கதான் குடுத்தீங்க,” என்று முறைத்தாள்.

“இப்ப ஓடுதா இல்லையா?”

“ஓடுது. பீரோவுக்குள்ள நல்லா ஓடுது. ஒரு நிமிஷம் தப்பல.”

“பீரோவுலயா தூங்குது? அப்ப அதையே தம்பிக்குக் குடுத்துடலாமேம்மா. கொண்டாங்க, துடைச்சுப் புதுசாட்டம் ஆக்கித் தரேன். வீண் செலவு எதுக்கு?”

நல்ல மனதோடுதான் சொன்னார். அதற்கு அவள் போட்ட கத்தலில் கடையில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது.

“அவனும் அதைத்தான் கேட்டுக்கிட்டு நிக்கிறான்! இன்னைக்கு நான் வெறுங்கையோட போனா, காலையில மாமா வாட்சை எடுத்து மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவான். அது நடக்கவே கூடாதுன்னுதான் வந்து நிக்கிறேன். எடுங்கண்ணே அடுத்தது!”

சும்மா கிடக்கிற புருஷன் வாட்சைச் சொந்தத் தம்பிக்குக் கொடுக்க மனசு வரவில்லை, அதற்கு நம் உயிரையா வாங்க வேண்டும் என்று விற்பனையாளருக்கு உள்ளே புகைந்தது. நைலான் ஸ்ட்ராப் ஒன்றை எடுத்துப் போட்டார். இழுத்தாள். தாங்கியது. “வேணாம்,” என்று தள்ளினாள்.

எரிச்சலில் கீழ் டிராயரை இழுத்துக் கைக்கு வந்ததை எடுத்து வைத்தார். ரப்பர் ஸ்ட்ராப் போட்ட மலிவு வாட்ச். அவள் ஒரே ஒரு இழுப்புத்தான் இழுத்தாள். பட்டென்று அறுந்து கைக்கொரு துண்டாக வந்தது.

“அறுத்துட்டாளா?” என்று முதலாளி எழுந்தே வந்துவிட்டார்.

“மன்னிச்சுக்குங்கம்மா, இது சும்மா ஒப்புக்கு வெச்சிருக்கிற சரக்கு. தெரியாம எடுத்துட்டேன்,” என்று விற்பனையாளர் கையைப் பிசைந்தார்.

அவள் அறுந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். கடைக்குள் நுழைந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் குரல் இறங்கியது. “இதுல புதுசு ஒண்ணு கட்டுங்க. அறுந்ததுக்கும் காசு தந்துடறேன்.”

விற்பனையாளருக்குப் பொறுமை போய்விட்டது. “அரை மணி நேரமா நல்ல நல்ல வாட்சை எல்லாம் உதறித் தள்ளிட்டு, கடைசியில இந்தக் குப்பையா? நாளைக்கே அறுந்து போச்சுன்னு இங்க வந்து கத்துவீங்க!”

“கத்த மாட்டேன். அறுந்தா எனக்குச் சந்தோஷம்.”

“விளையாடுறீங்களா? போன வருஷம் உறுதி உறுதின்னு என் பிராணனை வாங்கினது நீங்கதானே? அந்தச் செயின் உங்களுக்கு என்னம்மா கெடுதல் பண்ணுச்சு?”

“உறுதியா கேட்டதும் நான்தான். கழட்டவே கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கினதும் நான்தான்.” அவள் உதடு கோபத்தில் துடித்தது. அந்தக் கோபம் யார்மேல் என்று முதலாளிக்கும் விளங்கவில்லை, விற்பனையாளருக்கும் விளங்கவில்லை. “வேலை செய்யும்போது கழட்டி வைடான்னு தம்பிகிட்ட ஆயிரம் தடவை சொல்லியாச்சு. மறந்துட்டான்னா?”

“மறந்தா என்னம்மா இப்ப?”

“மிஷின் இழுத்த அன்னைக்கு அந்தச் செயின் அறுந்து தொலைச்சிருந்தா, அவருக்குக் கை இருந்திருக்கும்ண்ணே!”