மடங்காத விரல்

மைதானத்தின் ஓரத்தில், தேர்வுக்குழுத் தலைவர் நாகலிங்கம் ஃபிலோமினாவின் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "சுண்டுவிரல் மடங்கவே மாட்டேங்குது. இந்தக் கையை வெச்சுக்கிட்டு எப்படிம்மா கீப்பிங் பண்ணுவே?" மாநில மகளிர் கிரிக்கெட் அணிக்காக வருடக்கணக்கில் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருந்தவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த விரல் ஓர் இறுதிப் போட்டியில் முறிந்தது. வலியில் துடித்தவளிடம், "பிளாஸ்திரி சுத்திக்கிட்டு நில்லும்மா, கப்பு நமக்குத்தான்" என்று கெஞ்சியவர், அன்று அணி மேலாளராக இருந்த இதே நாகலிங்கம். நின்றாள். கோப்பை வந்தது, அவருக்குப் பதவியும் வந்தது. "இது எப்ப ஒடைஞ்சதுன்னு ஞாபகம் இருக்கா சார்?" என்றாள். "பழசெல்லாம் எதுக்கு? உனக்கு ஜோரா ஒரு பிரிவுபசார விழா நடத்திடலாம்." ஃபிலோமினா கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். "விழாவை நீங்களே வெச்சுக்குங்க." கையுறைகளை மாட்டிக்கொண்டு நேராகப் போய் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தினாள். "ஜமுனா, போடுடி!" என்று கத்தினாள். பந்தோடு நின்ற ஜமுனா தேர்வுக்கு வந்திருந்த புதுப்பெண்; அணியில் இடம் கிடைப்பது நாகலிங்கத்தின் தயவில் இருந்தது. அவர் வேண்டாமென்று சைகை காட்டினார். அவள் அவரைப் பார்த்தாள், ஃபிலோமினாவைப் பார்த்தாள். பிறகு பந்தைத் தொடையில் தேய்த்தபடி ஓடி வரத் தொடங்கினாள்.