உப்புத்தாள்

காலை பத்தேகாலுக்கு மின்சாரம் போயிற்று.

மின்விசிறி நின்றதும் வீட்டின் சத்தங்கள் எல்லாம் கேட்கத் தொடங்கின. அடுக்களையில் மனைவி பிலோமினா தம்ளர் கழுவுவது. நான்கு தெரு தள்ளிக் கடல்.

மேசைமேல் எட்டு ரிவால்வர்கள் இருந்தன. எல்லாமே ஆயிரத்து எண்ணூறுகளில் செய்தவை. ஒன்றுகூட இனிச் சுடாது. புதுச்சேரியின் பழைய வீடுகளில் முப்பது வருடம் ஏறி இறங்கி அவர் சேர்த்தவை.

இன்று கொடுத்துவிடப் போகிறார்.

அவர் பார்வையின் நடுவில் ஒரு புகை வந்து உட்கார்ந்துவிட்டது. ஓரங்கள் மட்டும் தெரிகின்றன. திருகாணியைக் கழற்றிக் கீழே வைத்தால் திரும்ப அகப்படுவதில்லை.

வாங்க வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். ஒவ்வொன்றாக எடுத்து, சிலிண்டரைச் சுழற்றிப் பார்த்தார். அந்தச் சத்தத்திலேயே எது என்று இவருக்குத் தெரிந்தது.

காபி வந்த ஓசை கேட்டது. அறை வாசலுக்கு வெளியே, முக்காலிமேல். இவர்தான் எழுந்துபோய் எடுத்துவந்தார்.

"அம்மணி உள்ள வரமாட்டாங்களா?"

"வரமாட்டா."

"துப்பாக்கின்னா பயமுங்களாக்கு?"

இவர் சிரித்துவைத்தார்.

பயம் இல்லை. பத்தொன்பது வருடமாக அவள் அந்த நிலைப்படியைத் தாண்டியதில்லை.

கோயம்புத்தூர்க்காரர் எட்டாவதை எடுத்தார். சிலிண்டரைச் சுழற்றவில்லை.

"இதென்னுங்க, கண்ணாலப் பொண்ணாட்டம் மினுமினுங்குது? ஆரு தேச்சது?"



பத்தொன்பது வருடத்துக்கு முன் இவர் பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். திரும்பி வந்தபோது மேசைமேல் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. கோயில் பீடத்தில் விரிக்கிற மாதிரி. அதன்மேல் இந்த பிரெஞ்சு ரிவால்வர். வெள்ளிபோல.

ஈஸ்டருக்கு முன்னால் கோயில் மெழுகுவர்த்தித் தண்டுகளை அவள்தான் தேய்த்துக் கொடுப்பாள். அந்தக் கை. கறை புளியில் போகவில்லை என்று கடையில் உப்புத்தாள் வாங்கி, மூன்று மத்தியானம் உட்கார்ந்து தேய்த்திருந்தாள்.

நூற்றைம்பது வருடக் காற்றும் கைவியர்வையும் ஏற்றிய பழுப்பு. அதற்குத்தான் விலை. ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை. செய்தவன் பெயரில் பாதி எழுத்தும் போயிருந்தது.

அவள் கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொடாதே. இனி இந்த ரூம்ல எதையும் தொடாதே" என்றார்.

அவள் தொடவில்லை. அவ்வளவுதான்.

அன்று மாலை சோறு போடும்போதுதான் அவள் விரல் நுனிகளைப் பார்த்தார். தோல் உரிந்து சிவந்திருந்தன. குழம்பின் காரம் பட்டபோது கையை ஒரு உதறு உதறிக்கொண்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம்.

குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

பழுப்பு போன இரும்பு கடல்காற்றைத் தாங்காது. எட்டு நாள் விட்டால் சிவப்பாகப் பொரிந்துவிடும். மற்ற ஏழையும் வருடத்துக்கு ஒருமுறை துடைத்தால் போதும். இதற்கு மட்டும் வாராவாரம் எண்ணெய். வெள்ளிக்கிழமை தவறாமல், பத்தொன்பது வருடம். கண் மங்கிய பிறகும் விரலால் தடவித் தடவிப் பூசினார். அவள் தேய்த்த இடம் எது, விட்ட இடம் எது என்று விரலுக்குத் தெரியும். விட்ட இடமே இல்லை.

எண்ணெய் வாசனை கிளம்பியதும் அடுக்களைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும். வாராவாரம் கேட்டிருக்கிறார். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

"ஏழையும் எடுத்துக்கறனுங்க" என்றார் கோயம்புத்தூர்க்காரர். "இதையும் சும்மா சேத்திக் கட்டிக் குடுத்துருங்க. பசங்க வெளையாடட்டும்."

"அது குடுக்கறதுக்கில்ல" என்றார் இவர்.

இவருக்கு எப்போதும் சின்னக் குரல். எதிரே இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும்.

கோயம்புத்தூர்க்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அட, நீங்க குடுத்தாலும் இதை ஒருத்தனும் வாங்கமாட்டானுங்க!"

மின்விசிறி ஓடாத வீட்டில் அந்தக் குரல் அடுக்களை வரைக்கும் போயிற்று.

அடுக்களையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

ஏழும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போயின. அவற்றுக்கான சான்றிதழ்களும் போயின. கார் கிளம்பித் தெருமுனையில் திரும்பியது.

மேசைமேல் ஒன்று இருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதை ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. நாலு வார்த்தை. அறை காலியானதும் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தார்.

"பிலோ."

காலடி வந்தது. நிலைப்படியில் நின்றது.

"உள்ள வா."

பிறகு கண்ணோரத்தில் ஒரு சேலைக் கரை நிலைப்படியைத் தாண்டியது.

அவள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். நேரே பார்த்தார். அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை இருந்தது. தலையைச் சற்றுத் திருப்பினார். ஓரத்தில் கைகள் தெரிந்தன. இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டிருந்தாள்.

நாலு வார்த்தையில் முதல் வார்த்தை தொண்டைவரை வந்தது.

"என்னாலதானே," என்றாள் அவள், "அது மட்டும் விலை போகல?"