பூநாரைகளுக்கு மறு எண்ணிக்கை

"இன்னாப்பா ஆன்றோ, இந்த வாட்டியாவது ஒழுங்கா எண்ணுவியா?" என்றார் ராமசுப்பு. "ரெண்டு வருசமா உன்னாலதான் நம்ம ரிசல்ட் லேட்டாகுது. எல்லாரும் கேலி பண்றானுங்க."

பனி விலகாத காலை. எண்ணூர் ஆற்றுப் பாலத்தடியில் பைனாகுலரும் கையுமாக நின்ற தன்னார்வலர்கள் சிரித்தார்கள். சுஜா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்புக்கு ராமசுப்பு வைத்த விதி இது. ஆற்றின் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பேர், கரைக்கு ஒருவர். தனித்தனியாக எண்ண வேண்டும். இரண்டு கணக்கும் ரொம்ப விலகினால், அடுத்த ஞாயிறு இருவரும் ஒரே படகில் போய் மறுபடி எண்ண வேண்டும்.

அந்த ஒரே படகுதான் ஆன்றோவைக் கெடுத்தது. திருவொற்றியூரில் மோட்டார் பம்பு கடை வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறவன் அவன். ஆனால் எதிர்க்கரையில் எண்ணுகிற, அத்திப்பட்டுப் பள்ளியின் கணக்கு டீச்சர் சுஜாவைக் கண்டால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அதனால் போன இரண்டு வருஷமும் வேண்டுமென்றே இருநூறு பூநாரைகளை விழுங்கிவிட்டுக் கணக்குக் கொடுத்தான். மறு எண்ணிக்கையில் சுஜா சொன்னதே சரியென்று வந்தது. வரட்டுமே. துடுப்பு மெல்லத் தண்ணீரைத் தள்ளும். எதிரே அவள் உதடு அசைய எண்ணிக்கொண்டிருப்பாள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள்கூடப் பனியில் அழகாகத் தெரியும். சொல்ல நினைத்ததைச் சொல்வதற்குள் இரண்டு முறையும் கரை வந்துவிட்டது.

இந்த வருஷம் சொல்லியே ஆக வேண்டும். அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

ஆனால் அன்றைக்குக் கரையில் போய் நின்றதும் அவனுக்கு மனசு வரவில்லை. சாம்பல் படிந்த சேற்றில், இத்தனை லாரிச் சத்தத்துக்கும் கப்பல் சத்தத்துக்கும் நடுவே, பூநாரைகள் ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் இளஞ்சிவப்பு தண்ணீரெல்லாம் பரவிக் கிடந்தது. எங்கிருந்தோ இந்த ஆற்றை நம்பி வந்தவை. அவற்றில் ஒன்றைக்கூட இல்லையென்று சொல்ல அவனால் முடியவில்லை. திரும்பத் திரும்ப எண்ணி, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான்.

படகு போச்சு என்று நினைத்துக்கொண்டே பைனாகுலரை உறையில் போட்டான்.

மத்தியானம் ராமசுப்பு முடிவை வாசித்தார். "பூநாரை. சுஜா, நானூத்திப் பத்து. ஆன்றோ, அறுநூத்திப் பத்து." நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "ஏம்ப்பா, போன வாட்டி கீறத விட்ட. இந்த வாட்டி இல்லாதத இட்டுகினு வந்துகீற. கண்ணு டாக்டராண்ட போ நைனா."

"இல்ல சார், நெசமா..."

ஆன்றோ தன் நோட்டை மறுபடி பார்த்தான். கணக்கு டீச்சர் எங்கேயாவது தப்பாக எண்ணுவாளா? பொய் சொல்லாத வருஷம் பார்த்துக் கண் ஏமாற்றிவிட்டதா?

"ஒண்ணும் பேசாத. அடுத்த ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் படகுல போய்க்கினு வாங்க." ராமசுப்பு எழுந்து டீ குடிக்கப் போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

ஆன்றோ தயங்கித் தயங்கி அவள் பக்கத்தில் வந்தான். "டீச்சர், சத்தியமா அறுநூத்திப் பத்து இருந்துச்சு. இந்த வாட்டி நான் ஒழுங்காதான் எண்ணினேன்."

"தெரியும். எனக்கும் அறுநூத்திப் பத்துதான் வந்துச்சு," என்றாள் சுஜா, ஆற்றைப் பார்த்தபடி. "காலையில சார் உங்களைத் திட்டினதும், எங்க நீங்க ஒழுங்கா எண்ணிடப் போறீங்களோன்னு எனக்கு பயமாப் போச்சு."