நுரை காயும் நேரம்

சலூன் நாற்காலியில் பஸ் டிரைவர், ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் நுரையுமாகச் சாய்ந்தபடி, தடிமனான சரித்திர நாவலைச் சத்தமாகப் படிக்கிறார். நூலகத்தின் வாசிப்புப் போட்டியில் சேர்ந்திருப்பவர் அவரல்ல, சவரம் செய்யும் அவருடைய மாமா. இன்றே கடைசி நாள். மாமாவின் கைக்கு ஓய்வில்லை. அதனால் காதால் படித்து முடிக்கிறார். எத்தனையோ பேரைத் தலைகுனிய வைத்த கத்தி இப்போது அந்தரத்தில் நிற்கிறது. அதன் விளிம்பில் மாலை வெயில் நூலிழையாக மின்னுகிறது. “மாமா, நுரை காயுது.” “காயட்டும் மாப்பிள்ளை. கன்னம் எங்கே ஓடிடப் போகுது? ராணி கதி என்ன ஆச்சு, அதைச் சொல்லு.” டிரைவரின் குரல் தானாகத் தணிகிறது. கோட்டைக்குள் தண்ணீரும் தீர்ந்துவிட்டது; வெளியே பகைவர் படை. தான் ஒருத்தியாகவே போவதாகச் சொல்லி, ராணி கதவைத் திறக்க ஆணையிடுகிறாள். மின்விசிறி மட்டும் கிறீச்சிடுகிறது. முடிவெட்டக் காத்திருக்கும் நான் செய்தித்தாளை விரித்தபடியே மறந்துபோயிருக்கிறேன். “வர்றா மாமா,” என்கிறார் டிரைவர், மூச்சோடு மூச்சாக. அந்த நேரம் பார்த்துக் காற்று கடைக் கதவைத் தள்ளித் திறக்கிறது. வாசலில் யாருமில்லை. மாமா கத்தியைத் தாழ்த்திக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்று வழி விடுகிறார். நானும் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொள்கிறேன்.